பெர்க் மெஷின்ல துணி வாடை அடிக்குது, வெள்ளை மங்குது, எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கிறது?

கேள்வி:
வணக்கம். நாங்க ஓட்டுறது பெர்க் டிரை கிளீனிங் மெஷின், அதாவது தண்ணிக்குப் பதிலா பெர்க்ங்கற (பெர்குளோரோஎத்திலீன்) சால்வென்ட்ல, அழுக்கக் கரைக்கிற திரவத்துல, துணி வெளுக்குறது. கொஞ்ச நாளா துணி காயுற நேரம் இழுத்துக்கிட்டே போகுது, வெளிய எடுத்தா ஒரு புளிச்ச வாடை, வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வருது. டிடர்ஜென்ட் டோஸ கூட்டுனா போயிடும்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் ஃபில்டர மொத்தமா மாத்துங்கறார். செலவு பண்றதுக்கு முன்னாடி எதெதப் பாக்கணும்?

பதில்:
டோஸ கூட்டாதீங்க பாஸ், சால்வென்ட் ஃபில்டரும் இப்போதைக்கு இருக்கட்டும். காய லேட்டாகுதுன்னா காத்து ஓடலன்னு அர்த்தம், காத்துல வர்ற பஞ்சப் பிடிக்கிற லின்ட் ஃபில்டர கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரியலன்னா அதுதான் ஆளு. அது சுத்தமா இருந்தும் லேட்டாகுதுன்னா உள்ள கூலிங் காயில் மேல ஈரப் பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும், பெர்க் ஆவி அங்கதான் குளிர்ந்து திரும்ப திரவமாகணும், அது மூடிப்போச்சுன்னா எவ்ளோ நேரம் ஓட்டுனாலும் துணியில பெர்க் தங்கும். பம்புக்கு முன்னாடி பட்டன், ஊசி மாதிரி சாமானப் பிடிக்கிற பட்டன் டிராப்ப தினமும் காலி பண்ணுங்க, அடைச்சா பம்ப் திணறும்.

பதில்:
மேல சொன்னது சரி. வாடைக்கு நான் முதல்ல சந்தேகப்படுறது வாட்டர் செபரேட்டர், பெர்க்லேர்ந்து தண்ணியப் பிரிக்கிற தொட்டி. பெர்க் தண்ணியவிட ஒன்றரை மடங்குக்கு மேல கனம், அதனால தண்ணி மேல மிதக்கும். அந்தத் தண்ணி தேங்கிக் கெடக்கும்போது அதுல கிருமி வளந்து வழவழன்னு பாசி மாதிரி படியும், அந்த நாத்தம் அப்படியே சால்வென்ட்ல இறங்கி துணிக்குப் போகும். முழுசா இறக்கி உள்சுவரத் துடைச்சு எடுங்க. தண்ணி போற குழாய், வென்ட் ரெண்டும் அடைச்சிருந்தா தண்ணி பெர்க்கோட சேந்து டேங்குக்குள்ள போயிடும், ஈரம் ஏறுன சால்வென்ட்தான் அழுக்க வெள்ளையில திரும்ப ஒட்ட வைக்கும். வாடை, வெள்ளை மங்குறது ரெண்டுக்கும் இது ஒண்ணே காரணமா இருக்கலாம்.

கேட்டவர்:
நன்றிங்க. செபரேட்டர திறந்தேன், நீங்க சொன்ன அதே வழவழப்பு. லின்ட் ஃபில்டர்லயும் வெளிச்சம் தெரியல. ஆனா சைட் கிளாஸ்ல (உள்ள ஓடுறதப் பாக்குற கண்ணாடி) சால்வென்ட் டீ டிக்காஷன் கலர்ல ஓடுது, அதுக்கு ஃபில்டர்தான மாத்தணும்?

பதில்:
இல்லைங்க, அதுக்கு டிஸ்டிலேஷன். சாதா ஃபில்டர் தூசி துகளத்தான் பிடிக்கும், கரைஞ்ச எண்ணெயும் சாயமும் அதுல நிக்காது, காய்ச்சி வடிச்சாத்தான் போகும். ஸ்டில்ல, அதாவது சால்வென்ட் காய்ச்சுற கலன்ல, மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, பொங்கி அழுக்கோட மறுபக்கம் போயிடும், அப்புறம் வடிச்சதே நாறும். பெர்க் கொதிக்கிறது 121 டிகிரி செல்சியஸ், சீக்கிரம் முடியணும்னு ஸ்டீம ஏத்தி 150 பக்கம் கொண்டு போனா பெர்க் சிதைஞ்சு ஆசிட் உண்டாகி இரும்ப அரிக்கும். வடிச்சு வர்றது தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும்.

அடியில தங்குற கசடத் தள்ளும்போது தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. ஸ்டில் நல்லா ஆறட்டும், ஆவிக்கான மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கங்க, சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. பெர்க் ஆவி காத்தவிட கனம், தரையோட படியும், அதனால குனிஞ்சு வேலை செய்யற ஆளுக்குத்தான் முதல்ல தலை சுத்தும். கசடு மூடி போட்ட டிரம்ல போகணும், செபரேட்டர் தண்ணியையும் சாக்கடையில ஊத்தாதீங்க, அதுல கரைஞ்ச பெர்க் நிலத்தடித் தண்ணி வரைக்கும் இறங்கும்.