'ஹண்டிங்': வேட்டை என்றால் போதுமா?

> வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழாக்கும்போது, ஆபத்தான விலங்குகள் மீது ஆணையிட அனுமதிக்கும் பிரிவு 11-இல் வரும் 'ஹண்ட்' (hunt) என்பதற்கு 'வேட்டை' என்றே போட்டுவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

போடலாம், வம்பும் கூடவே வரும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(16) இந்தச் சொல்லுக்குள் எதையெல்லாம் அடைக்கிறது பாருங்கள்: கொல்வது, நஞ்சு வைப்பது, உயிரோடு பிடிப்பது, நாயை ஏவித் துரத்துவது, கண்ணி, பொறி, கலைத்து ஓட்டுவது, இரை வைப்பது. முயன்றாலே குற்றம். காட்டுப்பறவையின் கூட்டைக் கலைத்தாலும் 'ஹண்டிங்'தான். கூடு கலைத்தவனை நம் ஊரில் யார் வேட்டைக்காரன் என்கிறார்கள்?

2021இல் நீலகிரியின் மசினகுடிப் பக்கம், ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலி விஷயத்தில் நடந்தது இதுதான். வனத்துறை ஆணையில் 'ஹண்ட்' என்றிருந்தது, 'சுட்டுக் கொல்ல உத்தரவு' என்று ஊரெல்லாம் பரவியது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் புலியை உயிரோடுதான் பிடித்தார்கள். பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உறுதிப்பட்டால் ஒழியக் கொல்ல ஆணையிடக் கூடாது என்று 11(1)இன் வரம்புரையே (proviso) சொல்கிறது.

> அப்படியானால் 'பிடியாணை'?

அதை 'வாரண்ட்' என்பதற்கு நீதிமன்றம் எப்போதோ எடுத்துக்கொண்டது. யானை விஷயத்தில் எழுதினால் பெண்யானைக்கு ஆணை என்றும் படிப்பார்கள்!

என் முன்மொழிவு: 2(16)இன் முழுப்பொருளுக்கு 'வேட்டைச்செயல்'. 'வேட்டை'யை அடியோடு விடமுடியாது, 'ஹண்டிங்' கூடாது என்கிற பிரிவு 9இன் தடை அதன்மேல்தான் நிற்கிறது. பிரிவு 11 ஆணையைத் தமிழில் சொல்லும்போது மட்டும் 'பிடிப்பு அனுமதி', 'கொல்லல் அனுமதி' என்று பிரித்தே எழுத வேண்டும். வெறும் 'வேட்டை அனுமதி' கூடாது.

> 2(16)இல் வரும் 'பெய்ட்டிங்' (baiting) என்பதற்குப் பழைய சொல் 'பார்வை' இருக்கிறதே?

அழகான சொல், ஆனால் பொருந்தாது. பார்வை மான் என்பது மானைக் காட்டி மானை வரவழைக்கப் பழக்கி வைத்த மான். சிறுத்தைக் கூண்டில் கட்டுகிற ஆடு சிறுத்தைக்கு இனமல்ல, தீனி. அதற்கு 'இரைவைப்பு' போதும். 'பார்வை'யை 'டெக்காய்' (decoy) என்பதற்கு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, 11(2)இல் 'வேட்டைச்செயல்' போட்டுவிடாதீர்கள். தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்ததற்கு அங்கே விலக்கு உண்டு. ஆனால் மூலத்தில் இருப்பது கொல்லுதல், காயப்படுத்துதல் இரண்டும்தான். நம் சொல் நுழைந்தால் கண்ணி வைத்தவனும் அந்த விலக்கைக் கேட்பான்.