'டெய்லர்' என்ற பெயரில் விழுந்த இடைவெளி

ஆய்வேட்டின் கடைசிப் படியைச் சரிபார்த்தபோது கண்ணில் பட்டது. மேற்கோள் பட்டியலில் டெய்லர் என்ற பெயர் ஆங்கிலத்தில் வரும் இடமெல்லாம், முதலில் உள்ள பெரிய 'டி' மட்டும் விலகி நின்றது. உரைக்குள் அதே பெயர் ஒழுங்காக இருந்தது. 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். உரையில் 'டி'யின் மேற்கோட்டுக்கு அடியில் சிறிய 'ஏ' நுழைந்து உட்கார்ந்திருந்தது. பட்டியலிலோ அது வெளியே நின்றது.

ஆய்வேட்டை அமைக்க நான் பயன்படுத்திய ஆவண மென்பொருளான லேடெக்கில் நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் வருவது கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துரு. திரையில் மெலிந்து தெரிகிறதே என்று அதன் மேல் எனக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் உண்டு. பழியை அதன் தலையில் போட்டு, பலடீனோ என்ற வேறு எழுத்துருவுக்கு மாறினேன். பக்கங்கள் எல்லாம் நகர்ந்தன, இரண்டு சமன்பாடுகள் ஓரத்தைத் தாண்டின. இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் வீண்.

பட்டியலுக்கான விவரங்கள் உள்ள மேற்கோள் கோப்பைத் திறந்த பிறகுதான் புரிந்தது. சில மேற்கோள் பாணிகள் தலைப்பில் உள்ள பெரிய எழுத்துகளைச் சிறியவையாக மாற்றிவிடும். அதைத் தடுக்க, கோப்பை உருவாக்கிய மென்பொருள் முதல் எழுத்தை மட்டும் நெளிவு அடைப்புக்குள் வைத்திருந்தது. லேடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்க நான் பயன்படுத்திய பிடிஎஃப்டெக் நிரல், எழுத்துகள் இடையறாமல் அடுத்தடுத்து வந்தால்தான் அந்த இணைக்கு உரிய கெர்னிங்கை, அதாவது இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளித் திருத்தத்தை, சேர்க்கும். நடுவில் அடைப்புக்குறி வந்தால் இணை அறுந்துவிடும்.

கம்ப்யூட்டர் மாடர்னில் இந்த இணைக்கு, 10 புள்ளி அளவில், சுமார் 0.83 புள்ளி உள்ளிழுப்பு வைத்திருக்கிறார் அதை வடிவமைத்த கணினி அறிஞர் டொனால்ட் கனூத். 1977இல் தம் நூலின் அச்சுப்படி மனதுக்கு ஒப்பாமல், லேடெக்கின் அடித்தளமான டெக் மென்பொருளை எழுதத் தொடங்கியவர் அவர். எழுத்துருவையும், எழுத்துரு வரைவதற்கான மெட்டாஃபாண்ட் மொழியில் தாமே நிரலாக எழுதினார். அவ்வளவு அக்கறையோடு வைத்த கணக்கை ஓர் அடைப்புக்குறி அழித்திருக்க, நான் எழுத்துருவையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

தீர்வு எளிது: அடைப்பை ஓர் எழுத்துக்குப் போடாமல் சொல் முழுவதற்கும் போட வேண்டும். தானாக உருவான மேற்கோள் கோப்பு வைத்திருப்பவர்கள், அடைப்புக்குள் ஒற்றைப் பெரிய எழுத்து நிற்கும் இடங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். என் கோப்பில் முப்பதுக்கும் மேல் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய எழுத்துருவுக்கே திரும்பினேன், அதன் விரிவாக்கமான லத்தீன் மாடர்ன் வடிவில். மறுபடி தொகுத்தபோது 'ஏ' தன் இடத்தில் இருந்தது.