வீடியோ காலில் டி அண்ட் டி நடத்துபவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பை வீடியோ காலில் ஆடுகிறோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துவது நான். சென்னையில் இருவர், சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் ஒவ்வொருவர். நமக்கு சனி இரவு 7 மணி என்றால், கோடை நேரப்படி டொராண்டோவில் காலை 9.30. நேரம் ஒத்துவந்துவிட்டது, பேச்சுதான் ஒத்துவரவில்லை.

சண்டையில் பிரச்சினை இல்லை. இனிஷியேட்டிவ் வரிசைப்படி (சண்டை தொடங்கும்போது பகடை உருட்டி முடிவாகும் முறை) ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். ஆனால் ஊருக்குள் நுழைந்து சத்திரக்காரனிடம் விசாரிக்கும் இடத்தில் இருவர் ஒன்றாக வாய் திறந்தால் ஒரு குரல் அமுங்கிவிடுகிறது. "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று இருவருமே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் தோழி ஒருத்தி இதனாலேயே மைக்கை அணைத்து வைத்துவிடுகிறாள். நேரில் ஆடியபோது அவளுடைய பாத்திரமான பார்டு (பாணர்) பேச ஆரம்பித்தால் மேசையே களைகட்டும். அதை இழக்க எனக்கு மனமே இல்லை.

இன்னொன்று: பகடையைக் கையால் உருட்டினால், இரைச்சல் நீக்கும் வசதி அந்த ஓசையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அதை அணைத்தால் மின்விசிறிச் சத்தம்.

வரைபடத்தை எல்லோருக்கும் திரையில் காட்ட, ரோல்20 இணையதளத்தின் இலவசக் கணக்கே போதுமா, அதே வேலைக்கான ஃபவுண்ட்ரி மென்பொருளை வாங்கலாமா? ஃபவுண்ட்ரியை நான் மட்டும் ஒருமுறை வாங்கினால் போதும் என்பது பிடித்திருக்கிறது, ஆனால் என் லேப்டாப் பழசு.

முக்கியமாக, உரையாடல் காட்சிகளில் யார் அடுத்துப் பேசுவது என்பதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் விரிவாகச் சொன்னால் இந்தச் சனிக்கிழமையே செய்து பார்க்கிறேன்.