கீபேட்ல அமுக்கிப் பிடிச்ச பட்டன்: லைப்ரரி போதுமா, சொந்தமா எழுதணுமா?

மின்மினி: 4x4 கீபேட், அர்டுயினோ ஊனோ போர்டு, பட்டனைப் படிக்க கீபேட் லைப்ரரி (ரெடியா எழுதி வெச்ச கோடு). ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சா மோட்டார் ஸ்பீடு ஏறிட்டே போகணும். லைப்ரரியோட கெட்கீ (எந்த பட்டன்னு கேக்குற ஃபங்ஷன்) ஒரு தடவை பட்டனோட எழுத்தைக் குடுத்துட்டு அடுத்த லூப்லயே (கோடு அடுத்த சுத்து ஓடும்போதே) நோகீ, அதாவது பட்டன் எதுவும் இல்லன்னு சொல்லுது, நான் விரலை எடுக்கவே இல்ல. லைப்ரரியைத் தூக்கிட்டு நானே எழுதிடவா?

கரன்ட்கம்பி: எழுதுங்க. ஒவ்வொரு ரோவா (பட்டன் வரிசை) லோ (0 வோல்ட்) ஆக்கிப் படிச்சா பட்டன் அமுங்கியிருக்கா இல்லையான்னு நேரா தெரியும், நடுவுல யாரும் தேவையில்ல.

ஸ்கேன்பையன்: அவசரப்படாதீங்க. நோகீன்னா பட்டனை விட்டாச்சுன்னு அர்த்தம் இல்லங்க, புதுசா எதுவும் நடக்கலன்னு அர்த்தம். நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. நிலை தெரியணும்னா கெட்ஸ்டேட் கேளுங்க, ஐடில் (சும்மா இருக்கு), பிரெஸ்ட் (அமுக்கியாச்சு), ஹோல்டு (பிடிச்சிருக்கு), ரிலீஸ்டு (விட்டாச்சு)ன்னு நாலுல ஒண்ணு வரும். 500 மில்லிசெகண்ட் தாண்டினா தானா ஹோல்டு ஆகிடும், மாத்தணும்னா செட்ஹோல்டுடைம்.

கரன்ட்கம்பி: கெட்ஸ்டேட், அமுங்கின கீ லிஸ்ட்ல இருக்கிற முதல் கீயோட நிலையை மட்டும்தான் சொல்லும், ரெண்டு பட்டன் அமுக்கினா அம்போ. ஹோல்டு ஈவன்ட்டும் ஒரு தடவைதான் வரும். ஸ்பீடு ஏறிட்டே இருக்க எப்படியும் மில்லிஸ் (போர்டு ஓட ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை மில்லிசெகண்ட்னு சொல்றது) வெச்சு நாமதானே எழுதணும், அப்புறம் லைப்ரரி எதுக்கு?

ஸ்கேன்பையன்: ரெண்டு பட்டனுக்கு கெட்கீஸ் இருக்கு, 10 கீ வரைக்கும் தனித்தனியா நிலை வெச்சிருக்கும். ரிப்பீட் நம்ம வேலைதான், ஒத்துக்கிறேன், ஆனா அது நாலு வரி: ஹோல்டுல இருக்கா, கடைசியா ஏத்தி 100 மில்லிசெகண்ட் ஆச்சா, ஆச்சுன்னா ஏத்து. இதுக்காக ஸ்கேனையும் டிபௌன்ஸையும் (பட்டன் தொடும்போது வர்ற துடிப்பை வடிகட்டுறது) முதல்ல இருந்து எழுதுறது வீண் உழைப்பு. நேரத்தை அன்சைன்ட் லாங்ல (மைனஸ் இல்லாத பெரிய முழு எண் வகை) கழிச்சுப் பாருங்க, 49 நாள் சொச்சத்துல மில்லிஸ் திரும்ப 0 ஆனாலும் கணக்கு தப்பாது.

மின்மினி: டிஸ்ப்ளேக்காக லூப்ல டிலே 1000 (1 செகண்ட் சும்மா நிக்கும்) போட்டிருக்கேன், பிரச்சனையா?

ஸ்கேன்பையன்: பெரிய பிரச்சனை. கெட்கீயைக் கூப்பிடும்போதுதான் ஸ்கேனே நடக்கும், அந்த 1 செகண்டுக்குள்ள அமுக்கி விட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. முதல்ல அதை எடுங்க.

கரன்ட்கம்பி: அது சரி, சொந்தமா எழுதினாலும் டிலே கெடுக்கும். ஆனா ஒரே பட்டனுக்கு சட்டுனு அமுக்கினா ஒரு வேலை, பிடிச்சா வேற வேலைன்னு வெச்சுப் பாருங்க. சட்டுனு அமுக்குற வேலையை ரிலீஸ்டுலதான் செய்யணும், ஹோல்டு முடிஞ்சு விட்டாலும் அதே ரிலீஸ்டு வருது, ரெண்டு வேலையும் நடந்துடும். ஹோல்டு வந்துச்சான்னு ஒரு பூலியன்ல (ஆமா, இல்லன்னு மட்டும் வெச்சுக்கிற மாறி) தனியா குறிச்சு வெக்கணும். என் கோடுல அமுக்கின நேரம் கையிலேயே இருக்கும், விடும்போது கழிச்சா முடிஞ்சுது.

மின்மினி: டிலேயை எடுத்துட்டு ஹோல்டு பார்த்து ஏத்தினேன். ஏறுது, விட்டதும் நிக்குது. இப்போதைக்கு லைப்ரரியே இருக்கட்டும், அந்த ரிலீஸ்டு விஷயத்துக்கு பூலியன் போட்டுக்கிறேன்.