‘சூழலுணர் அரைவாழ்வு’ வேண்டாம், ‘பாதியிறங்குநேரம்’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

தாதியர் கையேட்டுக்காகத் தம்பி அனுப்பிய தமிழ்க் கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். ‘சிரைவழி மயக்கம்’ (மயக்க மருந்தைச் சிரை வழியாகக் கொடுப்பது), ‘இலக்குச்செறிவுச் செலுத்தல்’ (வேண்டிய செறிவைச் சொன்னால் பம்பே கணக்கிட்டுச் செலுத்துவது) இரண்டும் நன்றாக இருக்கின்றன. ‘கான்டெக்ஸ்ட்-சென்சிடிவ் ஹாஃப்-டைம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த ‘சூழலுணர் அரைவாழ்வு’ என்பதற்கு மட்டும் சண்டை போட வந்திருக்கிறேன்.

1992இல் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை உருவாக்கியவர்கள் சூழல் என்று குறித்தது ஒன்றைத்தான்: மருந்தை எவ்வளவு நேரம் தொடர்ந்து செலுத்தினோம் என்பதை. தமிழில் சூழல் என்றால் அறுவை அறையின் குளிரும் நோயாளியின் உடல்நிலையும் அல்லவா நினைவுக்கு வரும்? இரத்தத்தில் மருந்தின் செறிவை ஒரே அளவில் வைத்திருந்து, செலுத்துவதை நிறுத்திய பிறகு, அது பாதியாகக் குறைய ஆகும் நேரமே இங்கே பேசப்படுவது.

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு மணி நேர மழை ஓய்ந்தால் வாய்க்கால் உடனே வடிந்துவிடும். ஒரு வாரம் அடைமழை பெய்திருந்தால், வெயில் வந்த பிறகும் மண்ணில் ஊறிய நீர் வாய்க்காலுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். தசையிலும் கொழுப்பிலும் ஊறிய ஃபெண்டனில் என்ற வலிநீக்கி மருந்து இப்படித்தான் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறிது நேரம் செலுத்தினால் சீக்கிரம் இறங்கும். பல மணி நேரம் செலுத்தினால் பாதியாக 200 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதே இனத்து ரெமிஃபெண்டனிலை இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகளே சிதைத்துவிடுவதால், எத்தனை மணி நேரம் செலுத்தினாலும் மூன்று நான்கு நிமிடம்தான்.

‘அரைவாழ்வு’ என்ற பாதியும் எனக்குப் பிடிக்கவில்லை. மயக்க மருந்தான புரோபோஃபோலின் இறுதி வெளியேற்ற அரைவாழ்வு, அதாவது கடைசிக் கட்டத்தில் எஞ்சிய மருந்து பாதியாகும் நேரம், பல மணி. அதை மட்டும் படித்த மாணவி, காலையில் அறுவை முடிந்தவர் இருட்டும்வரை எழமாட்டார் என்று கணக்குப் போடுவாள். ஆனால் 8 மணி நேரம் செலுத்தினாலும் அதன் செறிவு 40 நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். இரண்டையும் ஒரே ‘அரைவாழ்வு’க்குள் அடைத்தால் குழப்பத்தை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

நான் வேலை செய்யும் அறையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். சிரிஞ்ச் பம்பில் வெண்ணிற மருந்து ஏற்றிய 50 மில்லி ஊசிக்குழல். மருத்துவர் வயது, எடை, வேண்டிய செறிவு மூன்றையும் அழுத்துகிறார். தண்டு முதலில் விறுவிறுவென்று நகர்ந்து, பிறகு நகர்வதே தெரியாத வேகத்துக்குத் தணிகிறது. தையல் போடத் தொடங்கியதும் எல்லார் கண்ணும் திரையின் ஓரத்துக்குப் போகிறது: இப்போது நிறுத்தினால், விழிப்புக்குரிய செறிவுக்கு இறங்க இன்னும் இத்தனை நிமிடம். புரோபோஃபோல் பம்பை இப்படிக் கட்டுப்படுத்த 1996இல் வந்த டிப்ரிஃபியூசர் கருவியின் காலத்திலிருந்தே இந்தக் கணக்கு உண்டு. அது பாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தச் செறிவு என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார்.

ஆகவே அடிச்சொல் ‘இறங்குநேரம்’. அதிலிருந்து பாதியிறங்குநேரம், எண்பது விழுக்காட்டு இறங்குநேரம் எல்லாம் தாமே கிளைக்கும். முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘செலுத்துகாலம்சார் பாதியிறங்குநேரம்’.

—

வணக்கம் அக்கா. செலுத்துகாலம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீளம் மூச்சு முட்டுகிறது. ‘செலுத்துகால அரைக்காலம்’ என்று சுருக்கலாமே? இன்னொன்று: நம் பிள்ளைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் தேர்வு எழுதுகிறவர்கள். ஆங்கிலத்தில் உள்ள ‘கான்டெக்ஸ்ட்’ தமிழில் எங்கே போனது என்று கேட்பார்கள்.

—

தம்பி, அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. கீழ்வாய் இலக்கம் என்ற பழைய பின்ன வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். பாதியைக் குறிக்கப் போய் அவர்களிடம் மாட்டிக்கொள்ளாதே. பொடிப்பையன்கள் சட்டையைத்தான் நினைப்பார்கள்.

கான்டெக்ஸ்ட் எங்கே என்று கேட்கும் மாணவிக்கு, அது செலுத்துகாலம் என்று சொல்லிவிட்டால் பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது. நீளம் உறுத்தினால் தலைப்பில் ஒருமுறை முழுப்பெயர், அதன்பின் பாதியிறங்குநேரம் மட்டும்.

யாருக்கும் மறுப்பில்லை என்றால் இதைக் கையேட்டில் ஏற்றிவிடு. அடுத்து ‘விளைவிடச் செறிவு’, அதாவது மருந்து வேலை செய்யும் இடத்தில் அதன் செறிவு. அதில் ‘விளைவிடம்’ என்பதை விளைநிலம் என்று படிக்கப்போகிறார்கள் என்பது என் பயம், ‘செயலிடம்’ போதாதா?