21 நாளில் மனசு சரியாகுமாம்!

கணக்குப்பிள்ளை:
தூக்கம் பற்றிய இழையில் தென்றல் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? "21 நாள் போனைத் தள்ளிவையுங்க, காலையில் நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க. மனசு தானா சரியாகிடும். மாத்திரையெல்லாம் வியாபாரம்." இதற்கு இதயக்குறிகள் வேறு குவிகின்றன. அந்த 21 எங்கிருந்து வந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். மூக்குத் திருத்தியவர்களின் கணக்கு ஐயா அது! "குறைந்தது" என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இப்போது மனசுக்கும் அதே கெடு.

தென்றல்:
என் பேரைப் போட்டுத் தனி இழையே திறந்தாச்சா, சந்தோஷம். நடக்கிறதும் தூங்குறதும் தப்புன்னு சொல்றீங்களா? நான் செஞ்சு பாத்துதான் சொன்னேன். எனக்குப் பலிச்சுது.

கணக்குப்பிள்ளை:
நடக்காதே என்று நான் எங்கே சொன்னேன்? 21ஐக் கேட்டால் நடையைப் பற்றிப் பதில் வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து ஆராய்ந்தது. ஒரு பழக்கம் படிய நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பது மாதிரியான பழக்கங்களுக்கே இந்தப் பாடு.

சுண்டெலி:
அண்ணே, 18 என்பது 21ஐ விடக் குறைச்சல்தானே? அப்போ தென்றல் சொன்னது சிலருக்குச் சரி 😄

கணக்குப்பிள்ளை:
விதிவிலக்கை விதியாக்குவது உங்கள் பரம்பரைத் தொழில். தியான இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

சுண்டெலி:
அதை இன்னும் மறக்கலையா? சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த ஆய்வு நடந்ததே 12 வாரம், அதாவது 84 நாள். 84 நாள் பார்த்தவங்களுக்கு 254 எப்படித் தெரிஞ்சுது? வரைகோட்டை முன்னால் நீட்டிப் போட்ட கணிப்பு அது. மால்ட்ஸ் கணக்கைச் சிரிக்கிறவர் 254ஐ மட்டும் கல்வெட்டு மாதிரிக் காட்டுறீங்க.

கணக்குப்பிள்ளை:
கணிப்புக்கும் கட்டுக்கதைக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேச? 66க்கு என்ன பதில்?

வேம்பு:
ரெண்டு பேரும் நாளை எண்ணிக்கிட்டே இருங்க. வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலேயோ வேலை பார்த்தால் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021லேயே சொல்லியாச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேலாளர் செய்தி அனுப்புறான். போனை நான் எப்படித் தள்ளிவைக்க? முதல்ல அவனுக்கு 21 நாள் சொல்லிக்குடுங்க.

தென்றல்:
சாக்கு சொல்றவங்களுக்கு எப்பவும் ஒரு மேலாளர் இருப்பான்.

வேம்பு:
சம்பளம் வாங்குற வேலைக்குப் போறவங்களுக்கு இருப்பான். நீங்க போறீங்களா?

இரவுப்பணி:
மனநல வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கணக்குப்பிள்ளை சார், 18, 254 எல்லாம் எனக்கு வேண்டாம். "மாத்திரை வியாபாரம்" என்ற வரிதான் உறுத்துகிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை நன்றாகப் பிடிக்கவே சில வாரம் ஆகும். அதற்குள் இப்படி ஒன்றைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்துகிறார்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்து இருந்தாலே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறோம். 21 நாள் சவால் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடுவே தாண்டிவிடும்.

தென்றல்:
நிறுத்துங்கன்னு நான் சொல்லவே இல்ல. வியாபாரம்னுதான் சொன்னேன்.

இரவுப்பணி:
படிக்கிறவர் அந்த வித்தியாசம் பார்ப்பாரா?

கணக்குப்பிள்ளை:
இதைத்தானே நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்!

இரவுப்பணி:
இல்லை சார். நீங்கள் மூக்கைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

சுண்டெலி:
😂😂

தென்றல்:
ஒண்ணு கவனிச்சீங்களா? கணக்குப்பிள்ளை பதிவு எல்லாமே விடியக்காலை ரெண்டு மணி, மூணு மணி. தூக்கமே இல்லாத ஆள் மனநலம் பேசுறார்.

கணக்குப்பிள்ளை:
நான் எப்போது தூங்கினால் மால்ட்ஸுக்கு என்ன? வாதத்தில் தோற்றால் ஆளைத் தாக்குவது. தியான இழையில் என் பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்ததும் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

தென்றல்:
நான் இல்ல.

வேம்பு:
புகார் குடுத்தது நான்தான். என் ஊதியத்தைக் கிண்டல் பண்ணினீங்க.

கணக்குப்பிள்ளை:
ஓ, கூட்டணியா! நடக்கட்டும். மறுபடியும் கேட்கிறேன், 21க்கு ஆதாரம் எங்கே? மூக்கை விட்டால் வேறு ஒன்று காட்டுங்கள்.

சுண்டெலி:
நீங்க 254க்குப் பதில் சொல்லுங்க, நான் தேடித் தர்றேன்.

கணக்குப்பிள்ளை:
சொல்லியாச்சு. மேலே போய்ப் படியுங்கள்.

சுண்டெலி:
படிச்சாச்சு. அங்க ஒண்ணும் இல்ல.

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.