சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) தாளின் பின்பக்கம் டாக்டர் போட்ட கணக்கு – உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

குளச்சல்காரி:
அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. ஈரலுக்குப் பரவவில்லை என்று ஸ்கேனில் வந்துவிட்டதால் கொஞ்சம் தெம்பாகத்தான் ஆபரேஷனுக்கு முன் டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் சிபிசி தாளைத் திருப்பிப் பென்சிலால் 84 என்று எழுதி, கீழே கோடு போட்டு 12, பக்கத்தில் 7 என்று எழுதி ஏழைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால், அதாவது ஒரு வகை வெள்ளையணுவை இன்னொரு வகையால் வகுத்து, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு. "சிஆர்பி கூடுதல், ஆல்புமின் 3.1, ஸ்கோர் ரெண்டு" என்று சொன்னதும் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம், எங்களிடம் இல்லை. (சிஆர்பி அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற புரதம், ஆல்புமின் ரத்தத்தில் இருக்கிற இன்னொரு புரதம்.) அப்பா என் பக்கம் சாய்ந்து, "ஏழுன்னா பாஸா பிள்ளே?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

மேல்புறம் மருமகன்:
எங்கள் மாமியாருக்கு இரைப்பையில். மார்த்தாண்டத்து லேபில் சிஆர்பி 1.9, திருவனந்தபுரத்தில் எடுத்தபோது 20. பத்து மடங்கு ஏறிவிட்டதென்று வீடே அழுதது, மச்சினன் துபாயிலிருந்து டிக்கெட் போடவே போய்விட்டான். அங்கிருந்த நர்ஸ் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எண்ணைக் கையால் மறைத்துவிட்டு அலகை மட்டும் காட்டினார். ஒன்று டெசிலிட்டருக்கு, மற்றது லிட்டருக்கு. ஏறவே இல்லை, சும்மா அழுதிருக்கிறோம். அது நல்ல எண்ணும் இல்லை என்பது வேறு விஷயம்.

நெய்யூர் அண்ணன்:
தங்கச்சி, அந்த 7 என்கிற எண்ணை அப்படியே மனசில் ஏற்றிக்கொள்ளாதீங்க. எனக்கு உணவுக்குழாயில் வந்தது. கீமோவுக்கு முன்னால் டெக்ஸாமெத்தசோன் போட்டார்கள், மறுநாள் ரத்தத்தில் அதே விகிதம் பதினொன்று! ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலை ஏற்றும், லிம்ஃபோசைட்டை இறக்கும், அவ்வளவுதான். சிஆர்பியை 1930-இல் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான், புற்றுநோய்க்கென்று பிறந்த டெஸ்ட் இல்லை அது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஈரல் அதைச் சுரக்கும். அதனால் பல்லில் சீழ் இருக்கிறதா, சர்க்கரைக்காரர் என்றால் காலில் புண் இருக்கிறதா, மூத்திரத்தில் கிருமியா, எல்லாம் பாருங்கள். நீங்கள் சொன்ன ஸ்கோர், நோய் எப்படிப் போகும் என்று கணிக்கிற கிளாஸ்கோ ஸ்கோர். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஆல்புமின் 3.5-க்குக் கீழ், இரண்டும் சேர்ந்தால் 2. நல்ல எண் இல்லைதான், ஆனால் பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, உங்கள் அப்பா ஒருவரின் ஜாதகம் இல்லை. விகிதத்துக்கோ எல்லாரும் ஒத்துக்கொண்ட எல்லைக்கோடே கிடையாது, ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 5 என்பார். அப்புறம் முள்சீத்தா இலைக் கஷாயம் என்று யாராவது வருவார்கள், வாங்காதீங்க. முட்டை, மீன் நிறைய கொடுங்க, மரச்சீனியைக் குறைங்க, ராத்திரி சீக்கிரம் படுக்கச் சொல்லுங்க…

தக்கலை லேப்காரன்:
அண்ணே, எல்லாவற்றையும் பல்வலி என்று தள்ளிவிட முடியாது. கட்டியே அழற்சியைக் கிளப்பும், இன்டர்லூக்கின் ஆறு என்கிற அழற்சிச் செய்தி சொல்லும் புரதம் ஏறும், அதைப் பார்த்துத்தான் ஈரல் சிஆர்பியைச் சுரக்கிறது. குடல் ஆபரேஷன் முடிந்த பிறகும் இந்த எண் பேசும். இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்துவிட்டு இறங்கத் தொடங்க வேண்டும். எங்கள் பெரியப்பாவுக்கு நாலாம் நாள் இறங்காமல் 210-க்குப் போனது. காய்ச்சல் இல்லை, வயிறு வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை, கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறார், ரிப்போர்ட்டோடு ஓடி வந்த சிஸ்டர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். மனுஷனுக்கு ஒரே கோபம், கெட்ட வார்த்தையே வந்துவிட்டது. சாயங்காலம் சிடி எடுத்தால் குடலைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவு. அந்தக் கஞ்சி உள்ளே போயிருந்தால்!

நெய்யூர் அண்ணன்:
தம்பி, நான் ஆபரேஷனுக்கு முந்தின எண்ணைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் பிந்தினதைச் சொல்கிறீர்கள். இரண்டும் வேறே.

குளச்சல்காரி:
சரி, சண்டை வேண்டாம். அப்பாவுக்குப் பல்லும் கட்டினதுதான், காலில் புண்ணும் இல்லை, சளிகூட இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார், கீமோ பற்றி அடுத்த வாரம் சொல்வார்கள். கணக்குப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, அதை எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெய்யூர் அண்ணே, குளச்சலில் இருக்கிறவளிடம் மீன் கொடு என்கிறீர்களே, மூணு வேளையும் சாளையைத் தின்றுவிட்டுத்தான் ஆல்புமின் 3.1.